நைனாவின் வயதும் வலது கண்ணும்

“பள்ளிக்கூடம் போயி இன்னாத்தைக் கிழிச்சே? உங்க நைனா வயசு இன்னான்னு சொல்லு பார்ப்போம்.”

கல்மண்டபத்து பஸ் ஷெட்டில் எல்லாரும் கேட்கும்படி கணக்கப்பிள்ளை என்னைக் கேட்ட கேள்வி இது. சற்று முன்புதான் அவர் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை நான் உரக்கப் படித்து முடித்திருந்தேன். அங்கிருந்த டிரைவர்களில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நைனாவுக்கு மதியச் சோறு கொண்டுபோன என்னை நிறுத்தி, “இன்னாமே எழுதிக்கீது, படி” என்றார்கள். ஐம்பத்தைந்து வயது நிறைந்தவர்கள் வருகிற தை மாதம் முதல் பஸ் ஓட்டக் கூடாது என்று எழுதியிருந்தது.

காரணம் எல்லாருக்கும் தெரியும். வேறொரு முதலாளியின் பஸ் தண்டையார்ப்பேட்டைப் பக்கம் சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்து, அதில் போன மீன்காரப் பெண் ஒருத்தியின் கால் முறிந்துவிட்டது. ஓட்டியவர் வயதானவர். அந்தச் செய்தி பரவியதும் எங்கள் முதலாளி, வண்ணாரப்பேட்டை பாய், பயந்துபோனார்.

நான் பள்ளி இறுதி வகுப்பில் தேறியவள். எங்கள் குடும்பத்தில் எழுத்தைத் தொட்ட முதல் ஆள். லண்டன் நகரம் எந்த ஆற்றின் கரையில் இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருப்பேன். நைனாவின் வயது எனக்குத் தெரியவில்லை. நைனாவுக்கும் தெரியாது.

என்னைப் படிக்க வைத்தது நைனாவின் பஸ்தான் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீடு காலடிப்பேட்டையில். என் பள்ளிக்கூடம் ராயபுரத்தில். நைனாவின் வண்டி எண்ணூருக்கும் கல்மண்டபத்துக்கும் நடுவே ஓடியது. காலையில் டிரைவருக்குப் பக்கத்து இடத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போவார். மாலையில் அதே இடத்தில் கொண்டுவந்து இறக்குவார். எங்கள் தெருவில் மற்றப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் எட்டாத தூரம். எனக்கு ஒரு சவாரி தூரம்.

அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்த சாலையை நான் இன்னும் வியந்து முடிக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் உலகம் எங்களை நோக்கி வந்துகொண்டே இருக்கும். உப்பளத்திலிருந்து வரும் மாட்டு வண்டிகள், கூடை சுமந்த மீன்காரிகள், ஆலைச் சங்கு ஊதியதும் சாலையை நிறைத்துக்கொண்டு நடக்கும் ஆட்கள், ரயில் கேட்டில் நிற்கும் கரி வண்டி, குறுக்கே படுத்திருக்கும் எருமை. இவ்வளவையும் விலக்கிக்கொண்டு, வீடு போல் பெரிய ஒரு வண்டியை, அதில் முப்பது உயிரை, ஒரு மனிதர் இரண்டு கையாலும் இரண்டு காலாலும் கொண்டுபோகிறார். அந்த மனிதர் என் தகப்பனார். வகுப்பில் கடலைத் தாண்டிப் போன மாலுமிகளைப் பற்றிப் படித்தபோது அவர்களுக்கெல்லாம் என் நைனாவின் முகத்தைத்தான் வைத்துக்கொண்டேன்.

மோட்டார் வருமுன் அவர் ஜட்காக் குதிரை வண்டி ஓட்டினவர். அதனாலோ என்னவோ, எதிரே மாட்டு வண்டி வந்தால் வண்டிக்காரனைப் பார்க்க மாட்டார், மாட்டின் காதைப் பார்ப்பார். “வண்டிக்காரன் தூங்கிக்கினு வருவான். மாடு தூங்காது. எந்தப் பக்கம் போவணும்னு அது காதுதான் சொல்லும்” என்பார். நானும் அந்தக் காதுகளைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தேன்.

அப்படிப்பட்டவருக்குத்தான் இப்போது வயது கேட்கிறார்கள்.

“லைசென்ஸ்ல இன்னா போட்டுக்கீது? அத்தப் பாரு” என்றார் கண்டக்டர். நைனா காக்கிச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வயது முப்பத்தைந்து என்றிருந்தது. நான் படித்ததும் ஷெட் முழுக்கச் சிரிப்பு. கணக்கப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது.

“மொத மொத லைசென்ஸு வாங்கசொல்லோ முப்பத்தஞ்சுன்னு ஒரு குத்துமதிப்பா சொன்னேன்” என்றார் நைனா. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. “அப்பால ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்கப் போவசொல்லோ பேரு கேப்பாங்கோ, அப்பன் பேரு கேப்பாங்கோ, வயசு கேப்பாங்கோ. பேரு மாறுதா? அப்பன் பேரு மாறுதா? இதுவும் அப்பிடித்தான்னு மொதல்ல சொன்னதையே சொல்லிக்கினு வந்தேன். மாத்திச் சொன்னா, பொய் சொல்றான்னு புடிச்சிக்க மாட்டாங்களா?”

எழுதிக்கொண்ட குமாஸ்தாக்களில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை போலிருக்கிறது.

பிறகு பஞ்சாயத்து தொடங்கியது. நைனாவைப் பெற்றவள் போய்ச் சேர்ந்து பல காலம். அவள் சொல்லிவிட்டுப் போன செய்தி ஒன்றுதான்: துறைமுகத்துக்குப் போட்ட கல் சுவரைப் புயல் அடித்துக்கொண்டு போனபோது நைனா அவள் இடுப்பில் இருந்தாராம். அந்தக் கணக்கில் ஐம்பத்தைந்து ஆக இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. ஆனால் கணக்கப்பிள்ளை, அவர் தாது வருஷப் பஞ்சத்திலேயே பிறந்தவர் என்று சாதித்தார். அப்படியானால் ஐம்பத்தைந்து எப்போதோ தாண்டிவிட்டது.

“பஞ்சத்துல பொறந்தவன்தான்யா. இவன் சோறு துன்றதைப் பார்த்தாலே தெரியலை?” என்றார் கண்டக்டர்.

“இடுப்புல இருந்தேன்னுதானே ஆத்தா சொல்லிச்சு? பஞ்சத்துல பொறந்திருந்தா ஓடி ஆடுற வயசுடா அது. ஓடுற பையனை எவ இடுப்புல தூக்குவா?” என்றார் நைனா.

“உன்னிய மாதிரி சோம்பேறியா இருந்தா தூக்கித்தான் ஆவணும்!”

இந்தச் சிரிப்பில் சேராமல் ஒருவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பெரிய டிரைவர் என்போம். தலை பஞ்சுப் பொதி போல வெளுத்தவர். அவர் விஷயத்தில் பஞ்சாயத்துக்கே இடமில்லை. வயதானவர்களை நிறுத்தப் போவதாகப் பேச்சு அடிபட்ட முந்தின வாரமே மீசைக்கு பூட்ஸ் பாலிஷ் தடவிக்கொண்டு வந்து பார்த்தார். எஞ்சின் சூட்டில் அது உருகி மோவாய் வரை வழிந்ததுதான் மிச்சம். தை பிறந்தால் அவருக்கு வேலை இல்லை.

கடைசியில் பாய் வந்து ஒரு வழி சொன்னார். “பெரிய ஆஸ்பத்திரியில போயி, டாக்டரண்டை வயசு எழுதி வாங்கிக்கினு வா. அவரு போடுறதுதான் வயசு. எனக்குப் பேஜார் வேணாம்.” என்னைப் பார்த்து, “நீ கூடப் போம்மா. இங்கிலீஸ்ல பேசு” என்றார்.

அன்று சாயங்காலம் நைனாவின் வண்டியிலேயே வீடு திரும்பினேன். அந்தச் சவாரியில் நடந்ததைத்தான் நான் இன்னும் கனவில் காண்கிறேன். திருவொற்றியூரை நெருங்கும்போது வலது கைப்பக்கத்துச் சந்திலிருந்து ஓர் உப்பு வண்டி மெதுவாகச் சாலைக்கு வந்தது. நான் அதைத் தொலைவிலேயே பார்த்தேன். மாட்டின் காதையும் பார்த்தேன். இரண்டும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. நைனா வேகத்தைக் குறைப்பார் என்று காத்திருந்தேன். குறைக்கவில்லை. மாட்டின் கொம்பு அவர் முழங்கை அருகே வந்த பிறகுதான் வண்டியை இடது பக்கம் ஒடித்து பிரேக்கை மிதித்தார். பஸ் மணலில் இறங்கி நின்றது. பின்னால் ஒரு குழந்தை அழுதது. யாருக்கும் அடி இல்லை. “மாடு திடீர்னு பூந்துடுச்சு” என்றார் நைனா. எல்லாரும் வண்டிக்காரனைத் திட்டினார்கள்.

மாடு திடீரென்று புகவில்லை என்பது அந்த பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலை நைனா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“நைனா, அந்த உப்பு வண்டி உன் கண்ணுக்குத் தெரியலதானே?”

துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“தெரிஞ்சுது. லேட்டாத் தெரிஞ்சுது.”

“எத்தினி நாளா இப்டி?”

“ஆடி மாசத்துலேர்ந்து. வலது பக்கம் பனி எறங்கினா மாதிரி கீது. தலையக் கொஞ்சம் திருப்பி வெச்சுக்கினா சரியாப் பூடுது. நேத்து திருப்பல.”

“பெரிய ஆஸ்பத்திரி வாணாம் நைனா. கண் ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

அடுப்பங்கரையிலிருந்து அம்மா பாய்ந்து வந்தாள். “நல்லாக் கீதுடி உன் படிப்பு! வயசக் கொறைச்சு எழுதி வாங்கிக் குடுன்னா, கீற வேலைக்கே ஒலை வெக்கிறியா? உன் தம்பிங்க ரெண்டும் மண்ணத் துன்னுமா?”

பதில் சொன்னவர் நைனா. “அந்தக் கொழந்த அழுதுச்சே, அத்த நீ கேக்கல” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அன்று வண்டி எடுக்க மாட்டேன் என்று ஷெட்டுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். எனக்கு விவரம் தெரிந்த நாளாய் அவர் சொல்லாத சொல் அது.

கண் ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு நர்ஸம்மா நைனாவை ஸ்டூலில் உட்கார வைத்தாள். எதிர்ச் சுவரில் இங்கிலீஷ் எழுத்துப் பலகை. “படிக்கத் தெரியாதுங்க” என்று நான் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அதுக்கு இன்னா இப்போ? வேற பலகை கீது” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளைச் சேலை, வெள்ளைத் தொப்பி, காலில் பூட்ஸ். வாயில் எங்கள் தெருப் பேச்சு! பிறகு விசாரித்தபோது புளியந்தோப்பு என்றாள்.

அந்தப் பலகையில் மூன்று பல் சீப்பு மாதிரி ஓர் உரு, பெரிதும் சிறிதுமாக வரிசை வரிசையாக இருந்தது. பல் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கையால் காட்டினால் போதும். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தபோது நைனா பஸ்ஸுக்குக் கை காட்டும் போலீஸ்காரர் போல மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டே போனார். கடைசிச் சிறு வரிசை வரை வந்துவிட்டார். நர்ஸம்மா, “சோக்கா கீது. அந்தக் கண்ண மூடு” என்றாள்.

இடது கண்ணை மூடினார். கை மடியிலேயே இருந்தது.

“இதாவது தெரியுதா பாரு” என்று எல்லாவற்றிலும் பெரிய சீப்பைக் காட்டினாள்.

“பலகை கீதுன்னு தெரியுதும்மா” என்றார் நைனா.

பிறகு இருட்டறை. டாக்டர் கண்ணில் மருந்து விட்டுக் காத்திருக்கச் சொன்னார். கருமணி அகன்று, நைனாவின் கண்கள் எனக்குத் தெரியாத யாரோ ஒருவருடையவை போல ஆயின. டாக்டர் கையடக்கமான கருவி ஒன்றை எடுத்தார். அதன் தலையில் சிறு விளக்கு, நடுவில் ஒரு துளை. நைனாவின் முகத்தோடு முகம் வைத்து அதன் வழியாகப் பார்த்தார். இடது கண்ணில் வெகு நேரம். வலது கண்ணில் கொஞ்ச நேரம்தான்.

“வலது கண்ணில் புரை. முற்றவில்லை. முற்றிய பிறகு எடுத்துவிடலாம்” என்றார்.

நைனாவின் வயதை எழுதித் தர முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டேன். பாயின் உத்தரவு அது. கேட்காமல் திரும்ப முடியாது. டாக்டர் சிரித்தார்.

“கண்ணைப் பார்த்து வயது சொல்ல எனக்குத் தெரியாதம்மா. இவரைவிட இளையவர் இரண்டு கண்ணும் மங்கி வருகிறார். தாத்தா ஆனவர் ஊசி கோக்கிறார். ஆனால் இந்தக் கண்ணோடு இவர் மோட்டார் ஓட்டக் கூடாது. அதை வேண்டுமானால் எழுதித் தருகிறேன்.” பிறகு, என் இங்கிலீஷ் பிடித்துப்போனதோ என்னவோ, “உள்ளே பார்க்கிறாயா?” என்று அந்தக் கருவியை என்னிடம் நீட்டினார்.

முதலில் என் இமை மயிரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. “கிட்டப் போ, இன்னும் கிட்ட” என்றார் டாக்டர். நைனாவின் மூச்சு என் கன்னத்தில் பட்டது. திடீரென்று ஒரு செந்நிறம் திறந்துகொண்டது.

அதை எதற்கு ஒப்பிடுவது என்று இத்தனை நாள் யோசித்தும் சரியாகச் சொல்ல வரவில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் தண்ணீர் வடியும்போது மணலில் ஓடைகள் கிளை கிளையாகப் பிரிந்து போகும். மாலை வெயில் அந்த மணல் மீது படிந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஓரிடத்தில் வெளிறிய ஒரு வட்டம்; எல்லா ஓடைகளும் அங்கிருந்தே புறப்பட்டன. இவ்வளவு அழகான ஒன்றை என் தகப்பனார் தமக்கே தெரியாமல் முகத்துக்குள் வைத்துக்கொண்டு, எண்ணூர் சாலையில் புழுதி பட வண்டி ஓட்டியிருக்கிறார். எத்தனை மாட்டின் காதுகள், எத்தனை மீன்கூடைகள், பள்ளிக்கூட வாசலில் இறங்கி நடக்கும் நான், எல்லாம் இதன் வழியாகத்தானே உள்ளே போயிருக்கும்!

“இப்போது அடுத்த கண்” என்றார் டாக்டர்.

அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு மேகம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு, கதவிடுக்கில் விளக்கு தெரிவது போல. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை.

“இன்னாமே தெரியுது?” என்று கேட்டார் நைனா.

“இடது கண்ணுல எல்லாம் கீது நைனா. வலது கண்ணுல பனி.”

“நான் சொன்னேன்ல” என்றார். தாம் சொன்னது சரியாகப் போனதில் கொஞ்சம் திருப்தி கூட இருந்தது அந்தக் குரலில்.

ராயபுரம் வரை டிராமில் வந்து, அங்கிருந்து எங்கள் ஷெட்டின் பஸ்ஸிலேயே ஏறினோம். நைனா முன்பக்கம் போகவில்லை. பெண்கள் இறங்கிய பின்பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் பஸ்ஸில் பயணியாகப் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு மாட்டு வண்டி எதிர்ப்பட்டபோதும் அவருடைய வலது கால் வெறும் பலகையை அழுத்தியது. ரயில் கேட் தாண்டி, ஆலைகள் தாண்டி, திருவொற்றியூர் வரும் வரை அந்தக் கால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் ஷெட்டில் பாய் எதிரே போய் நின்றார். டாக்டர் எழுதியதைப் படிக்க நான் பிரித்தேன். கையை நீட்டித் தடுத்துவிட்டு அவரே சொன்னார்.

“பாய், என் வயசு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனா வலது கண்ணு போய்க்கினு கீது. நான் வண்டி எடுக்கல. அன்னிக்கு உப்பு வண்டி மாடு திடீர்னு பூரல. நான்தான் பாக்கல.”

பாய் தாடியைத் தடவினார். “தலைக்கு மை தடவி என்னை ஏமாத்த வர்றவனுங்களைப் பார்த்திருக்கேன். தன் கண்ணைத் தானே காட்டிக் குடுக்கிறவனை இப்பதான் பாக்கிறேன்.”

“பெரிய டிரைவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பாருங்க பாய்” என்றார் நைனா. “மீசைதான் வெள்ளை. அவரு சாலையில கெடக்கிற ஆணியைக்கூடப் பார்த்து வண்டியை ஒடிப்பாரு.”

கடல்காற்று புழுதி வாரிய ஒரு சாலையோர ஷெட்டில், தம் வேலை போகிற வேளையில், இன்னொருவர் வேலைக்காக ஒரு மனிதர் பேசினார். பள்ளிக்கூடத்தில் வீரத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

பாய் அறிவிப்பை நீக்கிவிடவில்லை. ஐம்பத்தைந்து அப்படியே நின்றது. ஆனால் கண் டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு மேலும் ஓட்டலாம் என்று சேர்த்துக்கொண்டார். வயது எதுவானாலும் டிரைவர்கள் எல்லாரும் கண்ணைக் காட்டி வர வேண்டும் என்றும் சொன்னார். பெரிய டிரைவர் இரண்டு கண்ணாலும் கடைசி வரிசைச் சீப்பு வரை காட்டிவிட்டு வந்தார். ஷெட்டிலேயே இளையவர், மீசை அரும்பி வெகு காலம் ஆகாதவர், கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பினார். அவரை இப்போது எல்லாரும் வாத்தியாரே என்றுதான் கூப்பிடுகிறார்கள். புது அறிவிப்பை எழுதியவள் நான். கணக்கப்பிள்ளை அதை வாங்கி, “பசை காயல, யாரும் தொடாதீங்க” என்று சொல்லி ஒட்டினார்.

நைனாவின் பஸ் பெரிய டிரைவருக்குப் போயிற்று. பாய் நைனாவுக்கு ஷெட்டில் வண்டிகளைக் காலையில் பார்த்து அனுப்பும் வேலை கொடுத்தார். சம்பளம் குறைவு. அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் தானாகவே, “அந்தப் பனியை எப்ப எடுப்பாங்கோ?” என்று கேட்டாள். முற்றிய பிறகு என்றேன். “பழமா அது, முத்துறதுக்கு?” என்றாள். பேச்சு வந்துவிட்டது.

நைனாவைக் காட்ட மறுபடி போனபோது புளியந்தோப்பு நர்ஸம்மாவிடம், அந்தச் சேலையும் தொப்பியும் எப்படிக் கிடைத்தன என்று கேட்டேன். “பள்ளி இறுதி தேறினியா? அப்புறம் இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கேக்கிறே? ஆபீசுக்குப் போ” என்று படிக்கட்டைக் காட்டினாள். போனேன். வயது கேட்டார்கள்; தேதியோடு சொன்னேன். அந்தத் தேதியும் என்னைச் சேர்த்த அன்று பள்ளிக்கூடத்து டீச்சரம்மா உத்தேசமாகப் போட்டதுதான். தகப்பனார் வயது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தெரியாது என்று தலை நிமிர்ந்து சொல்லியிருப்பேன்.

இன்று காலை, நர்ஸ் படிப்புக்கு நான் கிளம்பியபோது, என் டிரங்குப் பெட்டியை நைனாவே பஸ் கூரைமேல் ஏற்றிக் கயிற்றால் கட்டினார். இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு ஓட்டுகிற பக்கம் வந்து, “அண்ணாத்தே, திரும்பி வரசொல்லோ திருவொத்தியூரு சந்துல உப்பு வண்டி வரும், வலது பக்கம் பாத்துக்க” என்று பெரிய டிரைவரிடம் சொன்னார்.

“எனக்கே சொல்றியா?” என்ற பெரிய டிரைவர் என்னிடம், “ஏறுமே, நேரமாச்சு” என்றார். நான் முன்பக்கத்து என் பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி புறப்பட்டது.